அக்காவோடு விலை பேசிய மாதங்கள்

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போன அந்தக் குளிர்காலத்தை நான் பாதி விழிப்பிலும் பாதி கனவிலுமாகக் கழித்தேன். தொற்றுக்காலம். ஜேர்மனியில், டுசல்டோர்ஃபில் எங்கள் பலசரக்குக் கடைக்கு ஆட்கள் வருவதே அரிது. ட்ராம் வெறுமையாகப் போகும், வெறுமையாக வரும். கண்ணாடிக்கு வெளியே பனிமூட்டம், உள்ளே ஹீட்டரின் கதகதப்பு. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு இருந்தால் போதும், கடல் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் முடிவில்லாத லொறி வரிசை தெரியும். அதில் ஏதோ ஒன்றுக்குள் அக்காவின் தூள் பெட்டிகள் இருக்கும். எனக்கு மணம்கூட அடிக்கும்.

அக்கா லண்டனில் ஒரு சின்ன மில் வைத்திருந்தாள். மிளகாயும் மல்லியும் வறுத்து இடித்து, யாழ்ப்பாணத்துக் கறித்தூளாக்கி ஜேர்மனிக்கும் பிரான்சுக்கும் அனுப்புவாள். சுங்கத் தொல்லை வரப்போகிறது என்றதும் பிரான்ஸ் கடைக்காரர்கள் மெல்லக் கழன்று கொண்டார்கள். மிஞ்சியது நான் ஒருத்தி. நானும் விட்டால் மில்லை மூட வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

அதுவரை எங்கள் வியாபாரம் நடந்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். "பிள்ளை, தூள் முடிஞ்சுதோ?" என்று கேட்பாள். "ஓமக்கா" என்பேன். வெள்ளிக்கிழமை வான் வந்து நிற்கும். அவள் சொன்ன தொகையை நான் அனுப்பிவிடுவேன். கிலோ என்ன விலை, மற்றவர்களுக்கு என்ன விலை என்றெல்லாம் ஒரு நாளும் கேட்டதில்லை. கூடப்பிறந்தவளிடம் விலை கேட்பதா? எங்கள் ஆட்களுக்கு அதைவிட வெட்கக்கேடு வேறில்லை.

அந்த வருடம் முழுக்கத் தொலைக்காட்சியில் பேச்சுவார்த்தைதான். கோட்டுப் போட்டவர்கள் கோப்புகளோடு கட்டடத்துக்குள் போவார்கள், வாடிய முகத்தோடு வெளியே வருவார்கள். கடைசியில் யார் கடலில் யார் மீன் பிடிப்பது என்பதில் போய் இறுகி நின்றது. "மீனுக்கு இந்தப் பாடு படுகினம், எங்கட தூளை ஒருத்தரும் நினைக்கேல்லை பார்" என்று அக்கா சிரிப்பாள். ஒரு மத்தியானம் கல்லாவில் கண்ணயர்ந்தபோது, கனவில் அவர்களின் பேச்சுவார்த்தை மேசை நடுவில் ஒரு தூள் பைக்கற்றை உடைத்து வைத்துவிட்டு வந்தேன். இரண்டு தரப்பும் சேர்ந்து தும்மினார்கள். அதற்குப் பிறகு எல்லாம் சுமுகமாக நடந்தது.

நத்தார்ப் பண்டிகைக்கு முதல்நாள் உண்மையிலேயே ஒப்பந்தம் முடிந்தது. வரி இல்லை என்றார்கள். நான் கடைக்குள் தனியே நின்று பைத்தியம்போலக் கைதட்டினேன். விசரி! சுங்கப் படிவங்களை நிரப்பித் தரும் ஜேர்மன் அம்மா ஒருவர் எங்களுக்கு முகவராக இருந்தார். அவருக்குத் தொலைபேசி எடுத்தால், அவர் நிதானமாகக் கேட்டார், மிளகாய் எங்கே விளைந்தது? இந்தியாவில். மல்லி? அதுவும் இந்தியாதான். லண்டனில் வறுத்து இடித்ததால் மட்டும் அது அந்த நாட்டுப் பொருளாகிவிடாதாம். ஆகவே வரி உண்டு, படிவக் கூலியும் உண்டு. யார் எதைப் பொறுப்பது என்று வாங்குபவரும் விற்பவரும் பேசி எழுதித் தாருங்கள் என்றார்.

அப்படித்தான் எங்கள் பேச்சுவார்த்தை தொடங்கியது. தினமும் பின்னேரம் மூன்று மணி. வெளியே பனி தூவிக்கொண்டிருக்கும், தொலைபேசிக்குள் மில் இரையும். என் கணவர், இவர் வேறு பக்கத்தில் நின்று நச்சரிப்பார். "பிராங்பேர்ட் மொத்தக்கடையில எடுப்பம். பேப்பர் வேலையெல்லாம் அவங்களே பாப்பாங்கள். ஏனப்பா இந்தக் கரைச்சல்?"

"அக்கா, வரியை நீங்கள் பாருங்கோ, கூலியை நான் பாக்கிறன்" என்றேன்.

"ஏலாது பிள்ளை."

"அப்ப கிலோவுக்குக் கொஞ்சம் குறையுங்கோ."

"குறைக்க இனி என்ன கிடக்கு?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கென்ன, நீங்கள் நினைச்ச காசைச் சொல்லுவியள். இஞ்ச விக்கிறது நானெல்லோ? பிராங்பேர்ட்டில மலிவாத் தாறாங்கள்."

இதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது. "அப்ப நீங்கள் அங்கயே எடுங்கோ" என்று அக்கா தொலைபேசியை வைத்துவிட்டாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள், எனக்குத் தலை பின்னிவிட்டவள், என்னை 'நீங்கள்' என்றாள்.

நான்கு நாள் இரண்டு பேரும் எடுக்கவில்லை. நான் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு ரைன் ஆற்றங்கரையில் நடந்தேன். சரக்குப் படகுகள் பனிக்குள்ளிருந்து சத்தமில்லாமல் வந்து பனிக்குள்ளேயே போயின. அவற்றை யார் அனுப்பினார்கள், யார் வாங்கப் போகிறார்கள், அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்களா என்றெல்லாம் யோசித்தபடி குளிர் தெரியாமல் நின்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கால் விறைத்திருப்பது தெரிந்தது.

ஐந்தாம் நாள் முகவர் அம்மா எடுத்தார். படிவத்தில் ஒரு கேள்வி விட்டுப்போயிருக்கிறது என்றார். "வாங்குபவரும் விற்பவரும் உறவினரா?"

இவர் கையைக் காட்டி, "இல்லையெண்டு சொல்லும். ரெண்டு பேரின்ர பெயரும் வேற வேற, ஆருக்குத் தெரியப்போகுது?" என்று கிசுகிசுத்தார். ஆனால் என் வாய் "சகோதரிகள்" என்று சொல்லிவிட்டது.

"அப்படியென்றால் இன்னொரு கேள்வி. அந்த உறவு விலையைப் பாதித்திருக்கிறதா?"

பாதித்திருந்தால் அந்த விலை செல்லாது, பிறருக்கு விற்கும் விலையை வைத்துத்தான் வரி என்றார். அக்கா வேறு யாருக்காவது விற்ற ஒரு பற்றுச்சீட்டு வேண்டுமாம். ரோசத்தை விழுங்கிக்கொண்டு அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். "அது என்னத்துக்கு?" என்று பதில் வந்தது. விளக்கம் எழுதினேன். இரண்டு நாள் சாக்குப்போக்குச் சொல்லிவிட்டு, மூன்றாம் நாள் ஒரு படம் அனுப்பினாள். பாரிஸ் கடை ஒன்றுக்குப் போட்ட பழைய சீட்டு. அதே தூள், அதே கிலோ. எனக்குச் சொன்னதைவிட எவ்வளவோ கூடுதல்.

இத்தனை வருடமாக இவள் எனக்கு நட்டத்துக்கு அனுப்பியிருக்கிறாள். என் கடை நிமிர்ந்து நிற்கட்டும் என்று நினைத்திருப்பாள். நான் ஒரு நாளாவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பெரிய மரியாதைக்காரியாட்டம் கேட்காமல் இருந்துவிட்டு, கடைசியில் இன்னும் குறை என்று சண்டை பிடித்திருக்கிறேன். மானம் போய்விட்டது.

முகவர் அம்மாவுக்கு எடுத்து, "ஆம், பாதித்திருக்கிறது, முழுவதுமாக" என்றேன். பிறகு அக்காவுக்கு எடுத்தேன்.

"அக்கா, பாரிஸ்காரருக்குப் போட்ட விலையையே எனக்கும் போடுங்கோ. வரியும் என்ர பாடு."

"விசரே உனக்கு? அந்த விலைக்கு எடுத்து நீ என்னெண்டு விப்பாய்?"

"விப்பன். சனம் புறுபுறுக்கும், வாங்கும். பழைய விலைக்கே அனுப்பினால் நீங்கள் மில்லைப் பூட்ட வேண்டி வரும், எனக்குத் தெரியும்."

நாங்கள் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். அக்கா மறுக்கவில்லை. நான் சொன்ன விலைக்கு மில் ஓடும் என்று அவளுக்கும் தெரியும். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சரி, எழுதுறன்" என்றாள். பிறகு, "பாரிஸ்காரருக்கும் உனக்கும் ஒரே விலையெண்டால், நான் உனக்கு ஆரடி?" என்றாள்.