ஒரு சாண் கல்

இது நடந்தது. உதட்டைப் பிதுக்குகிறவர்கள் பிதுக்கிக்கொள்ளட்டும். கோவிந்தன் மேஸ்திரியும் அப்படித்தான் பிதுக்கிக்கொண்டிருந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் வருஷம் புரட்டாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டு மணி பத்து நிமிஷம் வரைக்கும். ராத்திரி இல்லை. பகல் பன்னிரண்டு. நல்ல வெயில்.

பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் நாலு வருஷம் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவன் மூன்று சாமான் கொண்டுவந்தான். ஒரு கைக்கடிகாரம். ஒரு டின் மிலிட்டரி கிரீஸ், செங்கல் நிறத்தில், மண்ணெண்ணெயும் மீனும் கலந்த வாடையோடு. மூன்றாவது, பாப்பிரெட்டிப்பட்டியில் ஒருத்தனுக்கும் ஒன்றும் தெரியாது என்கிற எண்ணம். மூன்றையும் யாருக்கும் இரவல் தரமாட்டான்.

வேலை பார்த்தது மச்சான் தர்மனின் வண்டி ரிப்பேர் ஷெட்டில். தர்மனுக்கு போல்ட்டைப் பிடித்து எந்தப் பக்கம் திருக வேண்டும் என்றுகூடத் தெரியாது. ஆனால் முதலாளி. "மாப்ள, அந்த பம்ப்பை எடு" என்று ஊருக்கு முன்னால் ஏவுவான். கோவிந்தன் எடுத்துக் கொடுப்பான். கொடுக்கும்போது பல்லைக் கடிப்பான். தனக்கென்று ஒரு ஷெட். அவன் வாழ்க்கையில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். போர்டு என்ன நிறம் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தான். பச்சை.

அந்த நேரத்தில்தான் கிருஷ்ணப்பன் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். சித்தேரி மலையில் மரம் வெட்டக் குத்தகை எடுத்தவர். சண்டை முடிந்து பெங்களூரில் பட்டாளத்து வண்டிகளை ஏலம் விட்டபோது எடுத்த ஜீப் அது. அதில் ஏறி உட்கார்ந்துவிட்டால் தன்னைக் கர்னல் என்று நினைத்துக்கொள்வார். இறங்கினால் வேட்டி தடுக்கும்.

அவருடைய சங்கடம் ஒரு கல். மலைப்பாதையில் ஒரு திருப்பம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் அந்தக் கல். ஒரு சாண் உயரம். உருவமும் இல்லை, எழுத்தும் இல்லை. மலைக்காரர்கள் அதன் பக்கம் வந்ததும் பாறையோடு ஒட்டிச் சுற்றிப் போவார்கள். தலையில் எவ்வளவு பாரம் இருந்தாலும் சரி. "ஒதுங்கிக்கறோம் காளி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ஜீப்பால் சுற்ற முடியாது. கல்லை நடுவில் விட்டு மேலாகத்தான் போகவேண்டும். போனால் அடிவயிறு இடிக்கிறது.

கல்லைப் பிடுங்கினால் ஒருத்தரும் கோடாலியைத் தொடமாட்டோம் என்று மலைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் கிருஷ்ணப்பன் கல்லின் உயரத்துக்கு ஒரு குச்சியை நறுக்கி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வண்டியைத் தூக்கிக் கொடு, கல்லை உரசாமல் சித்தேரி போய்த் திரும்பிவிட்டால் பஸ் நிற்கிற இடத்தில் என் மனை சும்மா கிடக்கிறது, அதில் நீ ஷெட் போட்டுக்கொள் என்றார்.

ஸ்பிரிங்கில் இன்னும் நாலு பட்டை சேர்த்தால் போதுமே என்று யோசனையும் சொன்னார். கோவிந்தன் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"பட்டை சேத்தா உங்க குண்டிதாங்க ஒசரும். இடிக்கறது அச்சுல தொங்கற இரும்புக் குண்டு. அது ஒசரணும்னா டயரு பெருசாவணும். பெரிய டயரு மட்கார்டுல ஒரசாம இருக்கத்தான் பட்டை."

குச்சி ஒன்பது அங்குலம். வண்டியின் இரும்புக் குண்டு தரையிலிருந்து எட்டே முக்கால். கோவிந்தன் பட்டைகளைச் சேர்த்து, பெரிய டயர் மாட்டி, பதினொன்றுக்குக் கொண்டுவந்தான். இரண்டு அங்குலம் இடைவெளி. அச்சு முழுக்கச் செங்கல் நிற கிரீஸை அப்பினான். திங்கட்கிழமை கிளம்பினார்கள்.

கல்லைத் தாண்டும்போது மணி பதினொன்று ஐம்பது.

கிர்ர்ர்ர்...

கோவிந்தன் இறங்கிப் பார்த்தான். இரும்புக் குண்டில் புதுக் கீறல். குச்சியைக் கல்லோடு வைத்துப் பார்த்தான். மயிரிழை வித்தியாசம் இல்லை. கல் வளரவில்லை. வண்டி இறங்கவில்லை. நடுவில் இரண்டு அங்குலம் வெறும் காற்று. காற்றா கீறியது?

கட்டை ஏற்ற நின்றிருந்த மலைக்காரர் மல்லையன் மெதுவாகச் சொன்னார்.

"தொட்டாக்கூடப் பொறுத்துக்குவாருங்க. தாண்டறதுதான் ஆகாது."

காளி சுமைகாரர். ஒரு துரையின் இரும்புப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தவர், அந்தத் திருப்பத்தில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. துரையின் ஆட்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு, அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். கால் மடங்கிய மேனிக்கே அங்கேயே புதைத்து மேலே இந்தக் கல்லை நட்டோம், குழி தோண்டியதில் நானும் ஒருத்தன் என்றார் மல்லையன்.

கோவிந்தன் சிரித்தான். "கொழந்தயத் தாண்டினா திருப்பித் தாண்டுவாங்கல்ல? எறங்கி வரப்ப திருப்பித் தாண்டிடறேன். உங்க காளி நல்லா வளரட்டும்."

கிருஷ்ணப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார். மல்லையன் சிரிக்கவில்லை. மலைக்காரனுக்குத் தமாஷ் புரியாது என்று கோவிந்தன் நினைத்துக்கொண்டான்.

அப்படியே வண்டியைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். ராத்திரியும் பகலுமாக வேலை. அச்சுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங்கைக் கழற்றி மேலே ஏற்றினான். பட்டாளத்து லாரியின் டயர்களைக் கொண்டுவந்து, துளை ஒத்துப்போகாததால் தகடு வெட்டி ஒட்டவைத்தான். ஒட்டகம் மாதிரி நின்றது வண்டி. இரும்புக் குண்டு பன்னிரண்டரை அங்குலம். ஒரு கீறல் விழுந்தால் நான் தர்மனுக்கு ஆயுசுக்கும் பம்ப் அடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை அவனே ஓட்டினான். பக்கத்தில் கர்னல்.

பன்னிரண்டு எட்டு. திருப்பம்.

உச்சி வெயில். வண்டியின் நிழல் முழுவதும் வண்டிக்கு அடியில் கிடந்தது. மல்லையனும் நாலு பேரும் பாறை ஓரமாக ஒதுங்கி நின்றார்கள்.

முன் அச்சு தாண்டியது. சத்தமில்லை. கோவிந்தன் மல்லையனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

பன்னிரண்டு பத்து.

டொக்.

உரசல் இல்லை. கீழேயிருந்து ஒரு இடி.

டொக்... டொக்.

கோவிந்தன் ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். வண்டி நகரவில்லை. முன் சக்கரம் சரளையில் வழுக்கியது. பின்னால் உய்ய்ய் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தான்.

பின் சக்கரம் இரண்டும் சுற்றிக்கொண்டிருந்தன. தரையைத் தொடாமல்.

நாலு விரல் உயரம்... ஒரு சாண்... இன்னும் ஏறியது.

கிருஷ்ணப்பன் கதவில்லாத பக்கமாகக் குதித்தார். செருப்பை விட்டுவிட்டு ஓடினார். திரும்பிப் பார்க்கவில்லை.

கோவிந்தன் இஞ்சினை நிறுத்தினான். நிறுத்தியது தப்பு. நிறுத்தியதும்தான் அது கேட்டது.

ஹும்... ஹும்...

மூச்சு. பாரம் தூக்குகிற ஆள் முழங்காலை நிமிர்த்தும்போது விடுகிற மூச்சு. இருக்கைக்கு நேர் கீழே.

"ஒரு வார்த்தை சொல்லுங்க மேஸ்திரி," என்றார் மல்லையன். "ஒதுங்கிக்கறோம்னு சொல்லுங்க."

நாலு கூலிக்காரர்கள் முன்னால். இந்தக் காட்டு ஜனங்கள் முன்னால். கோவிந்தன் பல்லைக் கடித்தான்.

ஹும்...

பின்புறம் இன்னும் ஏறியது. ஸ்டியரிங் நெஞ்சில் அழுத்தியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பள்ளம் தெரிந்தது.

"ஒதுங்கிக்கறோம்..." என்றான். குரல் அவனுடையது மாதிரி இல்லை. "ஒதுங்கிக்கறோம் காளி..."

மூச்சு நின்றது.

வண்டி இறங்கியது. விழவில்லை. தலைச்சுமையை இறக்குகிறவன் முதலில் ஒரு முழங்காலை மடித்து, கொஞ்சம் நின்று, பிறகு அடுத்த முழங்காலை மடிப்பானே, அப்படி. இரண்டு தவணையாக.

கடிகாரம் பன்னிரண்டு பதினாலு.

அவன் வண்டியைப் பின்னுக்கு எடுத்தான். குனிந்து பார்க்கவில்லை.

அச்சு முறிந்துவிட்டது, கோவிந்தன் போட்ட ஒட்டுவேலையே மோசம் என்று கிருஷ்ணப்பன் ஊரெல்லாம் சொன்னார். செருப்பு எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றினார். மனையில் யாரோ சோடா கடை வைத்தார்கள். கோவிந்தன் தர்மனின் ஷெட்டிலேயே இருந்தான். ஒரு வித்தியாசம். வண்டிக்கு அடியில் படுக்கமாட்டான். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுக்கமாட்டேன் என்றால் அப்புறம் என்ன மெக்கானிக்? பம்ப் அடித்தான்.

பேச்சு அதோடு முடிந்திருக்கும். கார்த்திகை மாதம் மல்லையன் சந்தைக்கு வந்தவர் ஷெட்டுக்கும் வந்தார். கையில் ஒரு தேக்கிலை மடிப்பு.

ஐப்பசி மழையில் திருப்பத்தின் பள்ளத்துப் பக்கம் சரிந்துவிட்டதாம். கல் அசையவில்லை. ஆனால் குழி திறந்துகொண்டது. மண் போட்டு மூடத்தான் போனார்களாம்.

"ஒக்கார வச்சுத்தாங்க பொதைச்சோம்," என்றார். "நான் என் கையால காலை மடக்கி வச்சேன். இப்ப நிக்கிறாரு. தலை கல்லுல முட்டிக்கிட்டு, கை ரெண்டும் மேல தூக்கி."

கோவிந்தன் பம்ப்பைக் கீழே வைத்தான்.

"வெரலு எலும்புல இது ஒட்டியிருந்திச்சு. என்னான்னு எங்களுக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுமான்னுதான் வழிச்சுக்கிட்டு வந்தேன்."

இலையைப் பிரித்தார்.

செங்கல் நிறம். மண்ணெண்ணெயும் மீனும் கலந்த வாடை.