வெறுந்தாங்கி

உப்புவெளியில் அக்காவின் கணவர் திமிங்கிலம் பார்க்க ஆட்களை ஏற்றும் பழைய படகை, எதனோல் கலந்த பெற்றோலுக்கு மாற்றிக் கொடுத்தது நான்தான். ரப்பர் குழாய்களைப் புதிதாகப் போட்டேன். தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியும் பூட்டினேன். இந்த எண்ணெய் ஈரத்தை இழுக்கும், மாரிக்குக் கரையேற்றினால் எரிபொருள் தாங்கியில் ஒரு சொட்டும் இருக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். நானே வடித்தும் விட்டேன்.

மாரி முடிந்து கயிற்றை இழுத்தால் இயந்திரம் இருமியதோடு சரி. தாங்கியின் அடியில் தண்ணீர். நான் போன பிறகு மனுஷன் மறுபடி கொஞ்சம் ஊற்றி வைத்திருக்கிறார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சொன்னது விளங்கேல்லையா அத்தான்?"

"விளங்கினது. வெறும் தாங்கியோட விட்டுட்டுப் படுக்க ஏலாது மச்சான். சண்டை நேரம் செல் விழேக்க அப்பாவைத் தூக்கிக்கொண்டு படகுக்குத்தான் ஓடினனான். தாங்கியில ஒண்டுமில்லை."

அவருடைய அப்பா கரையிலேயே முடிந்துபோனது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இது எனக்குத் தெரியாது.

அடுத்த மாரிக்கும் தாங்கியை வடித்துக் காயவிட்டேன். பக்கத்திலேயே ஒரு கேன் நிறையப் பெற்றோலை இறுக மூடி வைத்து, அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். தூக்கிப் பாரம் பார்த்தார். பிறகு மூடியை இன்னொருமுறை இறுக்கினார்.