விராலுக்குப் போட்ட மங்கல்

வடக்குப்பட்டு கனகலட்சுமியிடம் வண்ணமீன் வாங்காத கொளத்தூர் வியாபாரி கிடையாது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஊர் ஏரி வற்றி, லாரிகள் மண்ணைக் கொட்ட ஆரம்பித்தபோது, கடைசிக் குட்டையிலிருந்து ஒரு குடம் பொட்டுக்கெண்டையை அள்ளிவந்து சிமெண்ட் தொட்டியில் விட்டவள் அவள். "கொழம்புக்கு ஆவாத மீனை வெச்சிக்கினு இன்னா பண்ணப்போறே?" என்று புருஷன் கோதண்டம் கேலி செய்தான். அந்த மீன்தான் பிறகு இரண்டு பேருக்கும் சோறு போட்டது.

எல்லாம் அவள் கண்ணின் கெட்டிக்காரத்தனம். குஞ்சுகள் நகமளவு வளர்ந்ததும் வெள்ளை பேசினில் விட்டுப் பார்ப்பாள். சிவப்பு ஏறியது தொட்டிக்கு. சாம்பலாய் நிற்பது 'மங்கல்'. அது பக்கத்துத் தொட்டி விராலுக்கு இரை. முதலில் பாதிக்குப் பாதி மங்கல் விழுந்தது. போகப்போகக் குறைந்து, போன வருஷம் ஒன்றுகூட இல்லை. இன்று காலை அதிசயமாக மூன்று விழுந்தன. "இன்னும் நீங்க ஒழியலையா, சனியனுங்களா!" என்று திட்டிக்கொண்டே விராலிடம் வீசினாள்.

பதினோரு மணிக்குக் கல்லூரி ஆசிரியை மோகனப்ரியா வந்தாள். ஏரியைத் தூர்வாரித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்களாம். அதில் விட, பழைய பொட்டுக்கெண்டை சுற்றுவட்டாரத்தில் எங்கே தேடியும் அகப்படவில்லையாம். கனகலட்சுமிக்குத் தலைகால் புரியவில்லை. தன் மீன் ஏரிக்குத் திரும்பப்போகிறது!

"எவ்ளோ வோணும்? அத்தினியும் எடுத்துக்கினு போம்மா. துட்டு வாணாம்."

மோகனப்ரியா தொட்டியை எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வாடிவிட்டது.

"அக்கா, இது ஏரி மீன் மாதிரியே இல்லையே. இவ்வளவு சிவப்பு, இவ்வளவு நீள வால்... விட்டா ரெண்டே நாள்ல கொக்கு பொறுக்கித் தின்னுடும். பழைய மாதிரி, சாம்பலா, சேத்து நிறத்துல இல்லையா? மூணு நாலு இருந்தாக்கூடப் போதும், பெருக்கிடலாம்."

கனகலட்சுமி பேசினை எடுத்துக்கொண்டு ஏழு தொட்டியையும் வலைபோட்டு அலசினாள். சிவப்பு, சிவப்பு, பாழாய்ப்போன சிவப்பு. தும்பை விட்டு வாலைப் பிடிக்க ஓடினால் கிடைக்குமா? யாரைக் குறை சொல்ல? அவள் அன்று அள்ளி வராவிட்டால் இந்தச் சிவப்பும் இருந்திருக்காது.

"அடுத்த தபா குஞ்சு பொரிச்சா எடுத்து வெக்கிறேம்மா."

"அப்படி வருமாக்கா?"

கனகலட்சுமி காலிப் பேசினைப் பார்த்தாள். பதினாறு வருஷமாக வராமல் செய்தவளே அவள்தானே.

"காலைல வந்திருக்கக் கூடாதா நீ?" என்றாள் அழாக்குறையாக.

பேசினோடு அவள் நிழல் பக்கத்துத் தொட்டிமேல் விழுந்ததும், பழக்கதோஷத்தில் விரால் மேலே வந்து வாயைத் திறந்தது.