மச்சான் பதித்த கண்

ஹூனா என்ற பழங்குடி மீனவ ஊரில் எல்வுட்டைப் போல ஓரிடத்தில் உட்காரத் தெரியாத மீனவர் இல்லை. சங்கக் கூட்டத்திலும் நடந்துகொண்டேதான் ஓட்டுப் போடுவார். இறந்துபோன அவர் அம்மாவுக்கு அன்று மாலை நினைவு விருந்து. அவர் அணிந்து ஆடவேண்டிய தலையணியில் செதுக்கிய மரக் காக்கைக்கு இன்னும் ஒரு கண் பதிக்கவில்லை. எல்வுட் காக்கைக் குலம். அவருக்கானதைக் கழுகுக் குலம்தான் செய்து தரவேண்டும்; தானே செய்துகொண்டால் சடங்குக்கு ஆகாது. அதனால் வேலை கழுகுக் குலத்தவரான மனைவியின் அண்ணன் கில்பர்ட்டிடம் இருந்தது.

கில்பர்ட் காபி போடப் போனார். எல்வுட்டுக்குப் பொறுக்கவில்லை. கண்ணுக்கான சிப்பித் துண்டைத் தானே ஒட்டிவிட்டார்.

கில்பர்ட் வந்து பார்த்தார். "விருந்தையும் நீயே சமைச்சு நீயே சாப்பிட்டுக்க மாப்ளே. நாங்க எதுக்கு வரணும்?"

"பசை காயணுமே மச்சான், அதான்."

"இப்ப ரெண்டு தடவ காயணும். போய் விறகு வெட்டு, கண்ணு முன்னாடி நிக்காத."

கில்பர்ட் துண்டைப் பெயர்த்து, சுரண்டி, மறுபடி ஒட்டினார். எல்வுட் ஊருக்கே போதுமான விறகு வெட்டினார்.

எல்லோரும் பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் தலையணி வந்தது. எல்வுட் தலையைச் சிலுப்பி ஆடினார். கண் அசையவில்லை. தலையணியின் உச்சியில் வேலிபோல் நட்ட கடற்சிங்க மீசைமுடிகளுக்குள் சமாதானத்தின் அடையாளமாக நிரப்பியிருந்த மெல்லிய கழுகுத் தூவி பறந்து கில்பர்ட்டின் தலையில் இறங்கியது. அவர் தட்டிவிடவில்லை.