தம்பியின் உருண்டை

கெடார் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்போது நான் குழந்தைகள் மையம் நடத்திக்கொண்டிருந்தேன். எடை குறைந்த குழந்தைகளுக்கு, வைட்டமின் சேர்த்த சத்துமாவை உருண்டை பிடித்துக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் ஆளுக்கொரு வாய் என்று பங்கு போய்விடும். அதனால் என் கண்ணெதிரில்தான் தின்ன வேண்டும் என்று சட்டம் பேசுவேன். ஊரில் எனக்கு வாய்க்காரி என்று பெயர்.

கூலி வேலைக்குப் போகும் ஒருத்தியின் மகன், ஒன்றரை வயது, எலும்பும் தோலுமாக இருந்தான். நாள் தவறாமல் தூக்கி வராவிட்டால் பிள்ளை தங்காது என்று அவளை மிரட்டினேன். மறுநாளிலிருந்து அவனுடைய அக்கா இடுப்பில் சுமந்து வந்தாள். ஏழு வயதிருக்கும். அவன் தின்று முடிக்கும்வரை அவளை வெளியே நிறுத்திவிடுவேன். உள்ளே விட்டால் பாதி உருண்டை அவள் வாய்க்குப் போய்விடும் என்று எனக்கு அப்படியொரு நிச்சயம்.

பையன் தேறினான். கன்னத்தில் சதை வைத்தது. திண்டிவனத்திலிருந்து வந்த அதிகாரி அவனைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கிளம்புவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தம்பியைக் கூட்டிப்போக உள்ளே வந்த பெண் சுவரைத் தடவிக்கொண்டே நடந்து, என் குரல் வந்த திசையில் கையை நீட்டினாள். பையன் அவள் காலடியில்தான் உட்கார்ந்திருந்தான்.

மாலைக்கண். வைட்டமின் குறைவால் வருவது என்று பயிற்சியில் படித்துப் பரீட்சையே எழுதியிருந்தேன்.

அவளை நானே கைபிடித்து வீட்டுக்கு அழைத்துப்போனேன். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் போடுகிற சத்துணவைக்கூட இவள் ஒழுங்காகத் தின்பதில்லையா என்று தாயின் மேல் பாய்ந்தேன். அவள் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே சொன்னாள்.

"அவ எங்கம்மா இஸ்கூலுக்குப் போறா? தெனம் தூக்கியாரணும்னு நீங்கதானே சொன்னீங்க. நான் வேலைக்குப் போய்க்கினு இருக்கேன். அதான் இவள நிறுத்திட்டேன்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு அங்கே நிற்கவே கூசியது. அந்தச் சிறுமியின் முகத்தைத் தினமும் பார்த்திருக்கிறேன், திருடித் தின்பாளோ என்ற சந்தேகத்தோடு மட்டும்.

மறுநாள், ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கென்று வைத்திருந்த வைட்டமின் மருந்தை அவளுக்குக் கரண்டியில் ஊற்றி நீட்டினேன். உதட்டை இறுக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

"அது தம்பிதுங்க டீச்சர். நான் எடுக்க மாட்டேன்."

அவளை வாய் திறக்கவைக்க வெகுநேரம் கெஞ்ச வேண்டியிருந்தது.