ரகசிய சாட்சிக்காக ஒரு மன்றாட்டு

ரகசிய சாட்சி ஒருவரின் பெயரை மைக்கில், திருத்தமான உச்சரிப்போடு, ஊருக்கே அறிவித்தவன் நான். வீட்டில் மூன்று அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முட்டாள்தனத்துக்கும் ஒரு தகுதி வேண்டாமா?

என் வீட்டுக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கும் ஒரு தம்பி, லோரி ஓட்டுபவன். அவன் முதலாளி அனுமதியில்லாமல் மலையை வெட்டினார். மண்ணை ஆற்றில் கொட்டியது இவன் லோரி. விசாரணை அதிகாரிகள் இவனிடம் ஓர் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொன்னால் இவன்மேல் வழக்கு இல்லை, அதுவரை பெயரும் வெளியே வராது. சட்ட மலாய் பிடிபடாமல் என்னிடம் கொண்டுவந்தான்.

முதல் பக்கத்தையே அரைமணி நேரம் விளக்கினேன். யாரும் கேட்காத சரித்திரக் குறிப்புகள் வேறு. சாட்சியோ குடும்பமோ விஷயத்தை வெளியே விட்டால் பாதுகாப்பு ரத்து என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. "இதெல்லாம் எப்பவும் போடறதுதான்" என்று புரட்டிவிட்டேன்.

"அண்ணே, வீட்டுல சொல்லலாமா?"

"பொண்டாட்டிகிட்ட சொல்லாம எங்கடா போவே? சொல்லு லா."

சொன்னான். எங்கள் மாதா கோயிலில் எல்லாரும் செய்வதை அவளும் செய்தாள். பரீட்சை, ஆபரேஷன், வழக்கு, எதுவானாலும் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டால், ஞாயிறு பூசையில் மன்றாட்டாக வாசிப்போம். வாசிப்பவன் நான். முன்கூட்டிப் படித்துப் பார்ப்பது என் கௌரவத்துக்குக் குறைவு. "வியாழக்கிழமை அதிகாரிகள் பக்கம் சாட்சி சொல்லப்போகும் என் கணவர்..." பெயரையும் சொல்லி முடித்த பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது.

மூன்றாவது வரிசையில் முதலாளி. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சபையோடு சேர்ந்து அவரும் சொன்னார். அன்றைக்குக் கேட்டருளப்பட்டது அவருடையது மட்டும்தான்.

திங்கட்கிழமை தம்பிக்கு வேலை போனது. புதன்கிழமை ஒப்பந்தம் ரத்து என்று கடிதம் வந்தது. சாட்சியாகப் போக வேண்டியவன் குற்றவாளிக் கூண்டுக்குப் போனான், முதலாளிக்குப் பக்கத்தில். முதலாளிக்கு வக்கீல் இருந்தார். இவனுக்கு நான் இருந்தேன்.

தானா ராத்தா டவுனில் இருக்கும் விசாரணை அலுவலகத்துக்கு ஓடினேன். "வெளியே விட்டது நான், குடும்பம் இல்லை, தண்டனை என்றால் எனக்குக் கொடுங்கள்" என்று அதிகாரியிடம் உருக்கமாகப் பேசினேன். நம் தமிழ் ஆள்தான். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"பயப்படாதீங்க சார், உங்க மேல கேஸ் எல்லாம் வராது. சீட்டு எழுதுனது அந்தம்மா. நீங்க சும்மா ஸ்பீக்கர் பெட்டிதானே லா."