ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல்

2003 மே மாதம். காலை 7.10க்குப் பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறினேன். முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். மடியில் துணியில் ஒட்டிய பழைய நிலப்படம். வெள்ளைக்காரன் காலத்து அச்சு. ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல். ரயில் பாதை, ஓடை அரித்த பள்ளங்கள், வண்டித்தடம் எல்லாம் உண்டு. இரண்டு தாள்களை ஒட்டிய இடத்தில் மட்டும் ரயில் கோடு சற்று விலகியிருக்கும். அச்சடித்தவன் தப்பு என்பேன். நிலப்படம் வரைந்தே ஓய்வு பெற்றவன் அல்லவா நான்? எலி வளைகூட இதில் இருக்கும் என்று வருகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

என் வீட்டுச் சுவர் பூச வந்த கொத்தனார் மாரிமுத்துவிடமும் பீற்றினேன். அதன் வினைதான் இந்தப் பயணம். அவர் காலனியிலிருந்து இடுகாட்டுக்குப் போகும் பாதையைச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் விழுங்கப் பார்க்கிறது. அங்கே பாதையே கிடையாது என்கிறது சுரங்கக் கம்பெனி. இருந்தது என்று மதியம் விசாரணையில் காட்ட வேண்டும்.

8.15. அரியலூரில் மாரிமுத்து மொபெட்டுடன் நின்றார். தண்டவாளம் தாண்டி எட்டுக் கிலோமீட்டர். சுரங்க வேலியோரம் எட்டிப் பார்த்தேன். பனைமர ஆழம், அடியில் லாரிகள் தீப்பெட்டி அளவில் ஊர்ந்தன. எதிர்க்கரையில் இடுகாடு. நடுவே வண்டி அகலத்துக்கு மட்டும் வெட்டாத மண் மிச்சம்.

"சாவு விழுந்தா இந்தத் தடத்துலதாங்க தூக்கிட்டுப் போவோம்" என்றார் மாரிமுத்து.

மொபெட் சீட்டில் படத்தை விரித்தேன். காலனியிலிருந்து கிளம்பிய புள்ளிக்கோடு தாள்களின் ஒட்டு வரை வந்தது. அந்தப் பக்கம் பாதையும் இல்லை, இடுகாடும் இல்லை.

"பாதை இங்க நின்னு போச்சுங்களே சார்?"

தாளின் ஓரம் நைந்திருந்தது என்று, ஒட்டு அழகாக வரட்டும் என்று, அரை அங்குலம் கத்தரித்தவன் நான்தான். அரை அங்குலம் என்றால் அரை மைல். அட மடையா! ரயில் கோடு விலகியபோதாவது உறைத்திருக்க வேண்டாமா?

2.30க்குத் தாலுகா ஆபீஸில் விசாரணை. அதிகாரி ஒட்டை விரலால் தடவினார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"இல்லாத துண்ட நான் எப்படிப் பாக்குறதுங்க?" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தார். நியாயமான கேள்வி. அதனால்தான் எரிந்தது.

ஐந்து மணிக்குத் திரும்பும் பஸ். மாரிமுத்து வழியனுப்ப வந்தார், டீயும் அவரே வாங்கித் தந்தார். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை. பஸ் கிளம்பும்போது ஜன்னலோரம் வந்தார்.

"அந்தத் துண்டு வூட்டுல எங்கியாச்சும் கெடக்குங்களா சார்? எங்கப்பாவ அங்கதான் பொதச்சிருக்கு."

"தேடிப் பாக்குறேன்" என்றேன்.

பொய். படத்தை ஒட்டி முடித்த அன்றே, கையிலிருந்த பசையை அந்தத் துண்டில்தான் துடைத்துக் குப்பையில் போட்டேன்.